துரை என்கிற சிங்கத்துக்கு மாத்திரை

செத்த உள்ள தள்ளி இருங்க அண்ணாச்சி. ஜன்னலு ஒங்களுக்கே இருக்கட்டும், எனக்கு இந்த ஓரம் போதும். முன்னால ஒரு ஆளு இருக்கான், அவனைப் பாக்காம வரணும். பாக்காம இருக்கணும்னா அவன் எங்க இருக்கான்னு தெரியணும்லா? அதுக்கு இந்த இடம்தான் தோது.

நீங்க சங்ஷன் வரைக்குமா? நான் மேலப்பாளையத்துல எறங்கணும். பிறவிப்பெருமாள்னு பேரு. ஊரு கல்லிடைக்குறிச்சி. கரண்டு ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆயி வீட்டோட இருக்கேன். எதுக்குப் போறேன்னு கேக்க மாட்டியளா? நாய்க்கு மாத்திரை கேக்கப் போறேன். கீழ குனிஞ்சு பாக்காதிய, நாய் வரல. கண்டக்டர் ஏத்த மாட்டாரு. அது வீட்டுல சும்மா படுத்துக் கெடக்கு. நல்லா இருக்கு. ஒரு சீக்கும் இல்ல. அதுதான் அண்ணாச்சி கொடுமை.

சிரிக்காதிய. முழுசாக் கேட்டுட்டுப் பொறவு சிரிங்க.

எங்க ஊருல மாட்டு டாக்டரம்மா ஒருத்தரு இருக்காவ, எஸ்தர்னு பேரு. நாயும் பாப்பாவ. நல்ல படிப்பு, நல்ல கைராசி, அதெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா போன வாரம் நாயை இப்படிப் பெரட்டி அப்படிப் பெரட்டிப் பாத்துட்டு, "இனிமே மாத்திரை வேண்டாம், நிறுத்திருங்க"ன்னுட்டாவ. அவ்வளவு லேசா! எங்கள ஒரு வார்த்தை கேக்கல. மாத்திரை முழுங்குறது நாய்னாலும் குடுக்கது யாரு? அதான், மேலப்பாளையத்துல இன்னொரு பெரிய டாக்டர் இருக்காராம், அவருகிட்டப் போயி, "இந்த மாத்திரையை ஆயுசுக்கும் குடுக்கணும்"னு அவரு வாயால ஒரு சொல்லு வாங்கிட்டு வந்துரணும்.

எங்களன்னு சொன்னேன்லா, அதைச் சொல்லணும். எனக்கு ஒரு தம்பி உண்டு, உலகநாதன். உண்டுன்னா, இருக்கான், அவ்வளவுதான். பேச்சுவார்த்தை கெடையாது. அந்தா, டிரைவருக்குப் பின்னால, நீலக் கட்டம் போட்ட சட்டை, உச்சியில முடி இல்லாம. அவன்தான். பாக்காதிய! பாத்தா நாம அவனைப் பத்திப் பேசுதோம்னு தெரிஞ்சுரும். அவன் எங்க போறான்னு எனக்குத் தெரியாது. நான் வீட்ட விட்டு எறங்குனேன், பின்னாலயே எறங்குனான். நான் பஸ்ஸுக்கு நின்னேன், கொஞ்சம் தள்ளி அவனும் நின்னான். நான் பின்வாசல்ல ஏறுனேன், அவன் முன்வாசல்ல ஏறுனான். யாருக்கு என்ன சோலியோ.

என்ன சண்டைன்னு கேளுங்க. வயக்காடா? இல்ல. வீடா? இல்ல. அதெல்லாம் எங்க அப்பா ஒழுங்காப் பிரிச்சு வச்சுட்டுத்தான் கண்ண மூடுனாவ. சண்டை சொதியில வந்துது. நீங்களும் நம்ம பக்கத்து ஆளுதானே, சைவாள் வீட்டு மறுவீட்டுச் சாப்பாடுன்னா என்னன்னு தெரியும்லா? தேங்காப்பால் ஊத்துன சொதிக் குழம்பு. சொதி இல்லன்னா அது மறுவீடே இல்ல. அவன் மவ கல்யாணத்துல நான் பொண்ணுக்குப் பெரியப்பன், வந்தவங்களை எல்லாம் ஓடி ஓடிக் கவனிச்சிட்டுக் கடைசிப் பந்தியில உக்காந்தேன். எலையில சோறு விழுந்துட்டு. இஞ்சிப் பச்சடி விழுந்துட்டு. சொதி வாளி வருது. பக்கத்து எலை வரைக்கும் வந்துது அண்ணாச்சி. பக்கத்து எலை வரைக்கும்! என் எலைக்கு வந்ததும் பரிமாறுறவன் வாளியைச் சாய்ச்சுக் காட்டுதான். காலி. "சாம்பார் ஊத்தட்டுமா?"ங்கான். மறுவீட்டுல எனக்குச் சாம்பாரு! எந்திரிச்சுட்டேன். இவன் வந்து, "அண்ணன், தப்பாயிட்டு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? என்ன சொன்னான் தெரியுமா? "முதப் பந்தியில உக்காரச் சொன்னேன்லா"ன்னான். அன்னைக்கு வாயை மூடுனதுதான். அந்தப் பிள்ளைக்கு ஒரு மவன் பொறந்து, அவன் இப்ப சைக்கிள் ஓட்டுதான்.

வீடு ஒண்ணுதான். நடுவுல சுவரு, முன்வாசல் ரெண்டு. ஆனா புறவாசல் ஒண்ணு, கெணறு ஒண்ணு. கெணத்தை எப்படி வெட்டிப் பிரிக்க? பொம்பளையளும் பேச்சுக் கெடையாது. அவன் பொஞ்சாதி பகவதிகிட்ட மூச்சு விடப்பிடாதுன்னு எங்க வீட்டுக்காரி ஆவுடையம்மாகிட்ட அன்னைக்கே கண்டிசனாச் சொல்லிட்டேன். விடல. அந்த விசயத்துல அவ தங்கம். அவ சமையல்ல ஒரு விசேசம் பாத்துக்கிடுங்க, வாரத்துல ஒரு நாளு ரெண்டு நாளு புளிக்கறி அப்படியே பகவதி வைக்க மாதிரியே இருக்கும். "எப்படிட்டி?"ன்னு கேட்டா, "கை தன்னால தேறிட்டு"ங்கா. தேறும் தேறும், வயசாக ஆகத் தேறத்தானே செய்யும்.

வீரவநல்லூர் வந்துட்டா? வரட்டும்.

நாய் அந்தப் புறவாசலுக்கு வந்த நாய். குட்டியா வேலிச் சந்துல நொழஞ்சு வந்துது. செவலை. நடையில ஒரு தோரணை இருந்துதுன்னு நான் துரைன்னு பேரு வச்சேன். அவன் அது அவன் நாய்னு நெனச்சுக்கிட்டு சிங்கம்னு பேரு வச்சிருக்கான். சிங்கம்! தேங்கா விழுற சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போற நாய் அது. ரெண்டு பேருக்கும் திரும்பிப் பாக்கும், ரெண்டு வீட்டுலயும் சாப்பிடும். சுத்த சைவம். சோறு, பருப்பு, தயிரு, அவியலு. ரோட்டுல எலும்பு கெடந்தா, என்னமோ வெறகுன்னு மோந்து பாத்துட்டுப் போயிரும்.

போன மழைக்கு முந்தி அதுக்கு மூக்கு மேல பொருக்குத் தட்டுச்சு. பொறவு கண்ணச் சுத்தி, காதுல, பாதத்துல. கொப்புளம் வந்து ஒடஞ்சு ஒடஞ்சு காயும். நடக்க முடியாம பாதத்தைத் தூக்கித் தூக்கி வச்சுது. என்னால பாக்க முடியல அண்ணாச்சி. அது என் மூஞ்சியப் பாக்கும், நான் வேற பக்கம் திரும்பிருவேன். எனக்கு ஒடனே தெரிஞ்சுபோச்சு, உலகநாதன் வெந்நி ஊத்திட்டான். வேற யாரு? வேப்பெண்ணெய் தேச்சேன், மஞ்சள் அரைச்சுப் பூசுனேன், ஒண்ணும் கேக்கல. அவன் கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து நாயைத் தூக்கி ஆட்டோவுல போட்டு டாக்டரம்மாகிட்டக் கொண்டு போனேன்.

"வெந்நிதானே டாக்டரம்மா?"ன்னேன். "இல்ல"ன்னாவ. "சொறியா?" "அதுவும் இல்ல." தோலுல ஒரு பொட்டுக் கிள்ளி லேபுக்கு அனுப்புனாவ. முடிவு வந்தப் பொறவு உக்கார வச்சுச் சொன்னாவ. "எல்லா உடம்புக்குள்ளயும் ஒரு காவல் இருக்கு, வெளிய இருந்து கிருமி வந்தா அடிச்சு வெரட்ட. ஒங்க நாய்க்கு அந்தக் காவல் தடம் மாறிட்டு. சொந்தத் தோலையே எதிரின்னு நெனச்சு அடிக்குது. வெளிய இருந்து யாரும் ஒண்ணும் செய்யல." எனக்குச் சிரிப்பாணி வந்துட்டு. இப்படியும் ஒரு கோட்டித்தனம், பைத்தியக்காரத்தனம் உண்டுமா? கூடவே பொறந்த தோலு, அதைப் போயி எதிரின்னு நெனைக்குமா? ரெண்டு மூணு தடவை கேட்டேன், "யாரும் ஒண்ணும் செய்யல"ன்னுதான் சொன்னாவ. வீட்டுக்கு வந்து முத வேலையா, அவன் அடுக்களை ஜன்னலு புறவாசலைப் பாத்து இருக்கும், அதுல தகரத்தை வச்சு ஆணி அடிச்சேன். வெந்நி ஊத்த வழி இருக்கக் கூடாது பாருங்க. முன்ஜாக்கிரதைதான்.

அந்தக் காவலை அடக்குறதுக்குத்தான் மாத்திரை. ஸ்டீராய்டுன்னாவ. சீட்டு இல்லாம கடையில குடுக்க மாட்டான். "நான் சொல்லுற அளவுதான், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தேறிட்டுன்னு நீங்களா படக்குன்னு நிறுத்திட்டா நாய் படுத்துரும். சாப்பாட்டோட குடுங்க. பசி கூடும், தண்ணி கூடக் குடிக்கும், ஒண்ணுக்கு அடிக்கடி போகும், பயப்படாதீங்க"ன்னாவ. "கோழி ஈரலுக்குள்ள வச்சுக் குடுத்தா தெரியாது." நான், "எங்க நாய் சைவம்"னேன். பேனாவைக் கீழ வச்சுட்டு என்னையே பாத்தாவ. "யாரு சொன்னா?"ன்னாவ. "நாங்கதான்"னேன். பொறவு உளுந்தங்களி உருண்டைக்குள்ள வச்சுக் குடுத்தேன். கருப்பட்டி வாசத்துக்கு லபக்குனு முழுங்கிரும்.

ரெண்டாவது தடவை போனப்ப டாக்டரம்மா சொல்லுதாவ, "அதிசயமா இருக்கு, ஒங்க தெருவுலயே இன்னொரு நாய்க்கும் இதே சீக்கு. இது தொத்தக்கூடிய சீக்கும் இல்ல. ஒரே வயித்துக் குட்டிகளோ என்னமோ." நான் யாரு நாய்னு கேக்கல. ஊர் வம்பு நமக்கு எதுக்கு?

எந்த நாய்? பொறவுதான் தெரிஞ்சுது, எல்லாம் இந்த நாய்தான்! உலகநாதன், நான் ஆவுடையம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன நேரமாப் பாத்து, அதே நாயை அதே டாக்டரம்மாகிட்டக் கொண்டு போயி சிங்கம்னு பேரு குடுத்திருக்கான். அவ்வொ கண்டுபிடிக்கலியான்னு கேப்பிய. மூஞ்சி பூராவும் பொருக்கு. பொருக்குக்குள்ள துரை யாரு, சிங்கம் யாரு? தோலு கிள்ளுன தழும்பைப் பாத்து, "இது என்ன?"ன்னு கேட்டிருக்காவ. "எங்க அண்ணன் செஞ்ச வேலை"ன்னு சொல்லியிருக்கான். அடப்பாவி! சொல்லுவானா ஒருத்தன்? அவனுக்கும் அதே மாத்திரை, அதே அளவு. காலையில நான் களியில வச்சுக் குடுக்கேன், சாயங்காலம் அவன் பழத்துல வச்சுக் குடுக்கான். எனக்கு அவன் குடுக்கது தெரியாது, அவனுக்கு நான் குடுக்கது தெரியாது. கேக்கணும்னா பேசணும்லா?

பொருக்கெல்லாம் உதிர்ந்துபோச்சு. மூக்கு பளபளன்னு வந்துது. ஆனா பசி! அடேயப்பா, பசின்னா பசி. ஆட்டி வச்ச தோசை மாவை உரலோட நக்கிட்டு. வாசல்ல போட்ட அரிசிமாக் கோலத்தைப் புள்ளி விடாம நக்கிட்டு. பக்கத்து வீட்டு மாடியில காயப்போட்ட வத்தல், குளியல் சோப்பு, சாமிக்கு வச்ச பொங்கல், என் கண்ணாடிக் கூடு, ஒண்ணையும் விடல. தொட்டித் தண்ணியக் குடிச்சுக் காலி பண்ணிட்டு நம்ம மூஞ்சியப் பாக்கும். ஒண்ணுக்கு எங்க போகுதுன்னு கேக்காதிய, எங்க போகலன்னு கேளுங்க. நான், "ஆகா, தேறுது, பசி எடுக்கு"ன்னு சந்தோசப்பட்டு இன்னொரு உருண்டை களி குடுத்தேன், மாத்திரை இல்லாமத்தான். பொறவு வயிறு ஊதிட்டு, காலு ஈர்க்குச்சியாப் போச்சு. இரைக்க ஆரம்பிச்சுது. அப்ப எனக்கு வெளங்கிட்டு, உலகநாதன் அதுக்குக் களவா கறி போடுதான். அவன் என்ன நெனச்சானாம் தெரியுமா? நான் செய்வினை வச்சுட்டேனாம். போஸ்டாபீஸ்ல வேலை பாத்தவன் அவன், புத்தி இப்படிப் போகுது.

பாருங்க, திரும்பிப் பாக்கான். நாம ஜன்னலைப் பாப்போம். பாத்தாச்சா? திரும்பிட்டானா? சரி.

ஒரு நாள் காலையில பல்லு வெளக்கப் போறேன், கெணத்தடியில நாய் சரிஞ்சு கெடக்கு. வாயில நுரை. பின்னால கறுப்பாப் போயிருக்கு. கூப்பிட்டேன், கண்ணு மட்டும் அசையுது. சாக்கை எடுத்துட்டு ஓடி வாரேன், அங்கிட்டு இருந்து அவனும் ஒரு சாக்கோட ஓடி வாரான். தலைப்பக்கம் நான் புடிச்சேன், கால்பக்கம் அவன் புடிச்சான். ஆட்டோக்காரன், "எங்க போகணும்?"ங்கான். "துரையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்"னேன். "சிங்கத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்"னான் இவன். ஆட்டோக்காரன் நாயைப் பாக்கான், எங்களைப் பாக்கான். "இன்னொண்ணு எங்க?"ங்கான்.

டாக்டரம்மா ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டே, "இது துரையா, சிங்கமா?"ன்னு கேட்டாவ. நான் துரைன்னேன். அவன் சிங்கம்னான். அவ்வொ ஊசியைப் புடிச்சபடி அப்படியே நின்னுட்டாவ. அப்பத்தான் எங்க மூணு பேருக்கும் ஒரே நேரத்துல வெளங்குச்சு. வாங்குன ஏச்சு இருக்கே அண்ணாச்சி! சர்வீஸ்ல ஒரு மேலதிகாரி என்னைய அப்படி ஏசுனது கெடையாது. "தலை நரைச்ச பெரிய மனுசங்களா நீங்க? ஒரு நாய்க்கு ரெட்டை அளவு குடுத்து வயித்தப் புண்ணாக்கி வச்சிருக்கீங்க. இப்பப் படக்குன்னு நிறுத்தவும் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். யாராவது ஒரு ஆளு குடுங்க." நான் குடுக்கேன்னேன். அவன், நான் குடுக்கேன்னான். அவ்வொ தலையில கைய வச்சுக்கிட்டாவ. "அப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள். இன்னைக்கு நீங்க, நாளைக்கு அவரு. குடுத்ததை, குடுக்காததை, சாப்பிட்டதை, கக்குனதை எல்லாத்தையும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் பேசலேன்னா இந்த நாய் செத்துரும். வேணுமா வேண்டாமா?"

நான் அழுதுட்டேன். சொல்ல என்ன வெக்கம்? அந்த நாய் கண்ணு அப்படி இருந்துது. அவனும் அழுதான், சுவரைப் பாத்து நின்னுக்கிட்டு.

நாய் பொழைச்சு வீட்டுக்கு வந்துட்டு. மறுநாள் என் மொறை. களி உருண்டையக் குடுத்தேன், முழுங்குச்சு. சொல்லணுமே! அவன் கெணத்தடியில தண்ணி எறைச்சுக்கிட்டு நிக்கான். அவன்கிட்ட எப்படிப் பேச? சொதி விசயம் இன்னும் அப்படியே நிக்கு. நான் நாயப் பாத்துச் சொன்னேன், "ஏல துரை, மாத்திரை குடுத்தாச்சுன்னு ஒங்க சித்தப்பன்கிட்டச் சொல்லு." அவன் வாளிய வச்சுட்டு, "ஏல சிங்கம், எவ்வளவுன்னு ஒங்க பெரியப்பாட்டக் கேளு"ன்னான். "அரைன்னு சொல்லு துரை." "வெறும் வயித்துலயான்னு கேளு சிங்கம்." "நான் ஒண்ணும் கோட்டி இல்லன்னு சொல்லு துரை." நாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பாத்துது.

இதுல எங்கள யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. நாங்க பேசுனமா? நாய்கிட்டப் பேசுனோம். நாய்கிட்டப் பேசுறதுல என்ன கௌரவக் குறைச்சல்?

சேரன்மாதேவி தாண்டிட்டா? பேச்சுல பாக்கல.

ஆரம்பத்துல மாத்திரை மட்டும்தான். பொறவு வெளிக்கு எப்படிப் போச்சுன்னு. பொறவு தூங்குச்சா, சொறிஞ்சுதா. பொறவு அவன் சிங்கத்துகிட்டக் கேக்கான், "பெரியப்பா நொண்டுதாவளே, முட்டியில என்ன?" நான் துரைகிட்டச் சொன்னேன், "தேய்மானம்னு சொல்லு." மறுநாள் கெணத்துச் சுவர் மேல ஒரு தைலக் குப்பி இருந்துது. யாரு வச்சதோ. பூசுனேன், நல்லாக் கேட்டுது. இன்னொரு நாளு சிங்கத்துகிட்ட, "அடுக்களையில காத்தே வரல, ஒங்க சித்திக்கு வேத்து ஊத்துது"ன்னான். அன்னைக்கே தகரத்தைக் கழட்டிட்டேன். துருப்பிடிச்சுப் போயி இருந்துது பாத்துக்கிடுங்க, அதனால. எங்க அப்பா திவசத்துக்கு யாரைக் கூப்பிட, கெணத்து மோட்டார் ஏன் சத்தம் போடுது, எங்க அம்மை சாவும்போது கடைசியா யார் பேரைச் சொன்னா, எல்லாம் நாய்கிட்டப் பேசித் தீத்தோம். அம்மை விசயத்துல நான் என் பேருன்னு சொன்னேன், அவன் அவன் பேருன்னு சொன்னான். நாய் ஒண்ணும் சொல்லல.

சில நாளு நடுவுல அது தூங்கிரும். பாவம், சீக்கு நாய்லா? தூங்கிட்டா பேச முடியாது. நான் கல்லுல உக்காந்திருப்பேன், அவன் தொட்டி விளிம்புல உக்காந்திருப்பான். அது முழிக்கிற வரைக்கும் இருப்போம். சோலி ஒண்ணும் இல்லாட்டியும் இருப்போம். வீட்டுக்காரிக ரெண்டும் அவங்க அவங்க வாசல்ல நின்னு ஒரே நேரத்துல சிரிக்காளுவ. என்னத்துக்குச் சிரிக்காளுவன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

ஒரு தடவை கேளுங்க, "சிங்கம், ஒங்க சித்தி இன்னைக்குச் சொதி வச்சிருக்கா, பெரியப்பாவுக்கு ஒரு வாளி குடுத்து விடட்டுமான்னு கேளு"ன்னான். எனக்குச் சுர்ருன்னு வந்துட்டு. மானம்னு ஒண்ணு இருக்குலா? "வேண்டாம்னு சொல்லு துரை"ன்னுட்டு விறுவிறுன்னு உள்ள வந்துட்டேன். என்ன பொருத்தம் பாருங்க, மத்தியானம் எலையப் போட்டா எங்க வீட்டுலயும் சொதி. ஆவுடையம்மாவே வச்சிருந்தா. ரெண்டு தடவை வாங்கி ஊத்திச் சாப்பிட்டேன்.

மாத்திரை அரை ஆச்சு, கால் ஆச்சு, பொறவு ஒரு துணுக்கு. துணுக்காக்குறதுக்கே நாங்க நாய்கிட்ட ரொம்ப நேரம் பேச வேண்டியிருந்துது. பாக்குவெட்டியில வெட்டவா, பிளேடுல வெட்டவான்னு. போன வாரம் ரெண்டு பேரும் நாயக் கொண்டு போனோம். டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே, "நல்லாத் தேறிட்டுது. இனி மாத்திரை வேண்டாம். கவனிச்சுக்கிட்டே இருங்க, திரும்பப் பொருக்கு வந்தா மட்டும் வாங்க"ன்னாவ. நான், "ஒரு துணுக்காவது இருக்கட்டுமே"ன்னேன். இவனும் சிங்கத்தைப் பாத்து, "ஒரு துணுக்கு இருந்தா என்ன நட்டம்?"னான். "தேவையில்லாமக் குடுத்தா உடம்புக்குக் கெடுதல்"னு சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாவ. நாங்க வெளிய வந்து நின்னோம்.

மறுநாள் காலையில புறவாசலுக்கு வந்தேன். அவனும் வந்தான். நாய் நடுவுல வந்து உக்காந்து ரெண்டு பேரையும் பாத்துது. பழக்கம்லா? நான் "ஏல துரை"ன்னேன். மேக்கொண்டு சொல்ல ஒண்ணும் இல்ல. மாத்திரை இல்லன்னா என்னத்தச் சொல்ல? அவன், "சிங்கம்"னான். அதோட நின்னுட்டான். அவன் உள்ள போயிட்டான், நானும் உள்ள வந்துட்டேன். மறுநாளும் அப்படித்தான். நேத்து நான் போகவே இல்ல. எனக்குச் சோறு எறங்கல அண்ணாச்சி. எல்லாம் நாயப் பத்துன வெசனம்தான். திரும்பப் பொருக்கு வந்துட்டா யாரு பொறுப்பு? தெனமும் காலையில மூக்கத் தடவித் தடவிப் பாக்கேன், ஒரு பொருக்காவது இருக்கான்னு. வழுவழுன்னு இருக்கு, சவம்.

இதை எந்த டாக்டராவது யோசிக்கானா? நோயப் பாக்காவ, மாத்திரையப் பாக்காவ. அந்த மாத்திரையால எங்க புறவாசல்ல என்ன நடந்துதுன்னு பாக்கணும்லா? நாய் நடந்துதுன்னு சொல்லுதேன். நல்லா நடந்துது.

மேலப்பாளையம் டாக்டர் என்ன சொல்லுவாருன்னு தெரியல. நாய் இல்லாம வந்ததுக்கு ஏசுவாரோ என்னமோ. மாத்திரை அட்டையைக் கொண்டு வந்திருக்கேன். இவன் கையில ஒரு மஞ்சப்பை இருக்கு பாருங்க, அதுல என்ன இருக்குன்னு நெனைக்கிய? ஏறும்போது எட்டிப் பாத்தேன். அதே அட்டை. என்னைய நம்பாமத்தான் வாரான். நான் டாக்டர்கிட்டச் சரியாச் சொல்ல மாட்டேனாம்.

முன்னீர்பள்ளம் போயாச்சா? அப்ப அடுத்தது மேலப்பாளையம். எந்திரிக்கணும்.

அவன் எந்திரிக்கலியே. தலை சாஞ்சிருக்கு பாருங்க. தூங்கிட்டான் போல. சின்ன வயசுலயே அப்படித்தான், பஸ்ஸுல ஏறுனாத் தூங்கிருவான். எங்க அம்மை அவனை என் தோள்ல சாய்ச்சு வச்சுட்டு, "முழிக்காமப் பாத்துக்கோ"ம்பா. சங்ஷன் வரைக்கும் போயிருவான் இவன். அங்க எறங்கி முழிச்சுக்கிட்டு நிப்பான், ஒண்ணும் தெரியாது அவனுக்கு. நீங்க போயி எழுப்புதியளா அண்ணாச்சி? வேண்டாம், நீங்க யாரோ எவரோ, பயந்துருவான். நான் எப்படி எழுப்ப? என்ன சொல்லி எழுப்ப? பேச்சு இல்லியே. நாயும் இல்லியே இங்க.

கண்டக்டர் விசிலு அடிக்காரு. நிறுத்திட்டாவ. அய்யோ, நிறுத்திட்டாவளே.

ஏல துரை! ஏல துரை! ஒங்க சித்தப்பன் தூங்குதான் பாரு, மேலப்பாளையம் வந்துட்டுன்னு சொல்லுலே! எந்திரிக்கச் சொல்லு!

பாக்கட்டும், எல்லாரும் திரும்பிப் பாக்கட்டும். எனக்கென்ன? எந்திரிச்சுட்டானா? எந்திரிச்சுட்டான். திரும்பி நம்மளைப் பாக்கான். வாயத் தொறக்கான்.

கேட்டியளா அண்ணாச்சி? என்ன சொல்லுதான் கேட்டியளா? "ஏல சிங்கம், நான் ஒண்ணும் தூங்கல. ஒங்க பெரியப்பா செருப்பை சீட்டுக்கு அடியில விட்டுட்டு வெறுங்காலோட எறங்கப் போறாவ, எடுத்து மாட்டச் சொல்லு"ங்கான். பஸ்ஸே சிரிக்கு. நான் அவன்கிட்டப் பேசல, பாத்தியள்லா? நாய்கிட்டத்தான் பேசுனேன். சாட்சி நீங்கதான்.

அட, நெசந்தான், கால்ல செருப்பு இல்ல. அங்க இருந்துக்கிட்டு இவன் இதை எப்பப் பாத்தான்? செத்த காலைத் தூக்குங்க அண்ணாச்சி. வாரேன்லே, வாரேன், கொஞ்சம் நிக்கச் சொல்லு அவனை!